துணி மூடின கூடை

கூடை மறுபடியும் உறுமுச்சு. ஒரு நொடிதான், ஆனா ஹால்ல இருந்த அத்தன தலையும் லேசா அந்தப் பக்கம் சாஞ்சு, அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்ப மேடையப் பாத்துச்சு. மங்கையோட தலையும்தான். ஹோட்டல்ல ரொட்டி வெச்சு டேபிள் டேபிளா கொண்டு போவாங்களே, அந்தப் பெரம்புக் கூடை. மேல வெள்ளத் துணி போட்டு மூடி, கதவோரம் பேர் பதியற டேபிள் மேல உக்கார வெச்சிருந்தாங்க. உள்ள ரொட்டி இல்ல. ஈரோடு, சேலம், திருநெல்வேலின்னு எங்கெங்கயோ இருந்து கோயம்புத்தூருக்கு இந்த ஒருநாள் பயிற்சிக்கு வந்திருக்கிற காலேஜ் வார்டனுங்க, கவுன்சிலிங் குடுக்கறவங்க, ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் ஆளுங்க எல்லாரோட ஃபோனும் அதுக்குள்ளதான் கெடந்துச்சு. காலைல உள்ள நொழையும்போதே ட்ரெய்னர் விவேக்நாத், கால்ல வெள்ள ஷூ, காதோரம் மைக்கு, சிரிச்சுட்டே வாங்கிப் போட்டுட்டாரு. "இன்னிக்கு ஒரு நாள் உங்க ஸ்டூடண்ட்ஸ் உங்களத் தேட மாட்டாங்க ஃப்ரெண்ட்ஸ், நம்புங்க"ன்னாரு. நம்பணுமாம்! தலகாணிக்கு அடியில ஃபோன வெச்சுத் தூங்கற கூட்டம் இது. பாத்ரூம் ஜன்னல் திட்டுல ஃபோன வெச்சுட்டுக் குளிக்கிற கூட்டம். பின்னாடி நின்ன ஒருத்தர் "வேட்டியக் கூட அவுத்துக் குடுத்துர்றேன் சார், இத மட்டும் கேக்காதீங்க"ன்னு சொல்லிப் பாத்தாரு. எல்லாரும் சிரிச்சாங்க, சிரிச்சுட்டே குடுத்தாங்க. மொதல்ல குடுத்தது மங்கை. அவ காலேஜ் டீன் குழந்தைவேலு சார் பக்கத்துலயே நின்னுட்டு "மங்கை மேடம், நீங்க ஆரம்பிச்சு வைங்க"ன்னாரு, அவளும் என்னமோ குத்துவெளக்கு ஏத்தற மாதிரி ஆரம்பிச்சு வெச்சுட்டா. மொதல்ல போட்டதால அவ ஃபோன் அடியில. அது மேல ஒரு ஊரே படுத்திருக்கு.

இப்ப உறுமினது அவளோடதா? அடியில இருந்து வந்தா சத்தம் மந்தமா வரும், மேல இருந்து வந்தா துணி ஆடும். துணி ஆடுச்சா? ஏசிக் காத்துல துணியோட ஓரம் எப்பவும் ஆடிட்டேதான் இருக்கு, அத நம்ப முடியாது. பொன்னக்காவா இருந்தா ஒரு தடவையோட விட மாட்டா. பொன்னக்கா, மங்கை வார்டனா இருக்கிற லேடீஸ் ஹாஸ்டலோட மேட்ரன், ஒருத்தர் எடுக்கற வரைக்கும் அடிச்சுட்டே இருக்கிற ஆளு. அப்ப ஒரு தடவையோட நின்னுபோச்சுன்னா அது பொன்னக்கா இல்ல, பொன்னக்கா இல்லைன்னா ஹாஸ்டல் புள்ள யோகப்பிரியாவக் கூட்டிட்டுப் போக அவ அப்பா இன்னும் வரல, வரலைன்னா எல்லாம் சரியாத்தான் இருக்கு. இல்ல, காலைல இருந்து அடிச்சு அடிச்சு ஓஞ்சுபோயி, கடைசியா ஒரே ஒரு தடவ அடிச்சுப் பாத்துட்டு, சரி அனுப்பிடலாம்னு முடிவு பண்ணியிருந்தா? அப்படித்தான் பண்ணுவா, அதுதான் அங்க வழக்கம். மாமா, சித்தப்பா, அண்ணன், யாரு வந்து கூப்பிட்டாலும் வார்டன் சரின்னு சொன்னாத்தான் புள்ளைய அனுப்புவாங்க. பெத்த அப்பா நேர்ல வந்து நின்னா மட்டும் கணக்கு தலகீழ். வார்டன் வேண்டாம்னு சொன்னாத்தான் நிறுத்துவாங்க. வார்டன்கிட்ட இருந்து பேச்சே இல்லைன்னா அனுப்பிட வேண்டியது. மங்கை பேசாம இருக்கிறதும், கூட்டிட்டுப் போங்கன்னு மங்கை சொல்றதும் பொன்னக்காவுக்கு ஒண்ணுதான். யோகப்பிரியாவோட அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல வர்றதா சொல்லியிருக்காரு. இங்க மத்தியானச் சாப்பாடு முடிஞ்சாச்சு. அன்னாசிப்பழ பேஸ்ட்ரியோட க்ரீம் இன்னும் மங்கையோட மேல்வாய்ல ஒட்டிட்டிருக்கு, நாக்கால தள்ளித் தள்ளிப் பாக்கறா, போக மாட்டேங்குது.

ஸ்க்ரீன்ல பெரிய காது ஒண்ணு வந்துச்சு. யாரோட காதோ, வெள்ளைக்காரங்களோடதா இருக்கும், செவப்பா, சுத்தமா, கம்மல் ஓட்ட கூட இல்லாம. "கேக்கறதுங்கறது காதால இல்ல ஃப்ரெண்ட்ஸ், கண்ணால"ன்னாரு விவேக்நாத். முன்வரிசைல குழந்தைவேலு சார் அத நோட் பேட்ல எழுதினாரு. அவரோட பின்னந்தல தெரியுது, சாயம் அடிச்சது காதுக்குப் பின்னாடி ஒரு கோடா நின்னுபோயிருக்கு. இந்த ஆளுக்கு முன்னாடி எழுந்து போயி, ரொட்டிக் கூடையக் கவுத்து, ஃபோன எடுக்கணும். எழுந்தா என்ன? எழுந்தா நாற்காலி கிறீச்சுங்கும், அவரு திரும்புவாரு, புருவத்தத் தூக்குவாரு. அவ்வளவுதானே. அவ்வளவுதான். காலைல வேன்ல வரும்போது அவரு பக்கத்து சீட்டு. அவிநாசி தாண்டற வரைக்கும் பேசிட்டே வந்தாரு. அசோசியேட் டீன் போஸ்ட் ஒண்ணு புதுசா வருதாம், வெளியில இருந்து ஆள் எடுக்க வேண்டாம்னு கரஸ்பாண்டென்ட் நெனைக்கறாராம், "உங்கள மனசுல வெச்சுத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன் மங்கை மேடம், நான் வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னு சொல்லிட்டு அதையே வேற வேற மாதிரி சொன்னாரு. அவரு பேச்ச நிறுத்தினா பொன்னக்காவக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லிடலாம்னு மங்கை ஃபோனக் கைலயே வெச்சிருந்தா, கையே வேர்த்து ஃபோனு வழுக்குச்சு. அவரு நிறுத்தல. அப்புறம் ஹோட்டல் வந்துருச்சு, பூ குடுத்தாங்க, சந்தனம் குடுத்தாங்க, கூடையக் காட்டினாங்க. அவரு பக்கத்துல இருக்கும்போதே பேசியிருக்கலாமேன்னா, அது முடியாது. யோகப்பிரியாவோட அப்பா கரஸ்பாண்டென்ட்டுக்குப் பங்காளி மொற. காங்கேயத்துப் பக்கம் தேங்காய்க் களம் வெச்சிருக்காரு. டீன் காதுபடப் பேசினா அது கரஸ்பாண்டென்ட் காதுலயே பேசின மாதிரி. சரி, லஞ்ச்ல வெளிய ரிசப்ஷன் ஃபோன்ல இருந்து கூப்பிட்டிருக்கலாம். போனாளே! ரிசப்ஷன் வரைக்கும் போனா, அங்க இருந்த பொண்ணு சிரிச்சுட்டே ரிசீவரத் திருப்பி வெச்சு "நம்பர் சொல்லுங்க மேம்"ன்னா. நம்பர்! ஹாஸ்டல் நம்பர் ஃபோனுக்குத் தெரியும், மங்கைக்குத் தெரியாது. பொன்னக்கா நம்பரும் தெரியாது. வீட்டுக்காரர் நம்பர் கூட நடுவுல ரெண்டு எண் வழுக்குது. முழுசா ஞாபகம் வந்தது ஒரே நம்பர், சின்ன வயசுல வீட்ல இருந்த பச்சக் கலர் லேண்ட்லைனோடது. அந்த வீடும் இல்ல, லைனும் இல்ல. "பரவால்ல, அப்புறம் வர்றேன்"னு சொல்லிட்டு வந்து பேஸ்ட்ரி எடுத்துக்கிட்டா.

கண்ணால கேக்கணுமாம். வியாழக்கெழம சாயங்காலம் மங்கையோட கண்ணு எங்க இருந்துச்சு? மோட்டார் மேல. தண்ணித் தொட்டி மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது, ப்ளம்பர் குனிஞ்சு ஏதோ தட்டிட்டிருந்தான், மங்கை அதையே பாத்துட்டு நின்னா. அப்பத்தான் அந்தப் புள்ள வந்துச்சு. யோகப்பிரியா, மூணாம் வருஷம், எலக்ட்ரானிக்ஸ். குளிச்சுட்டு வந்த தல ஈரம், தோள்ல துண்டு, கைல ஒரு பக்கெட் தண்ணி. கீழ் டேப்புல புடிச்சுட்டு மாடிக்குப் போயிட்டிருந்திருக்கும். "மேடம், சனிக்கெழம எங்கப்பா வர்றாங்க"ன்னா. "நல்லதுதானே"ன்னா மங்கை, கண்ணு மோட்டார் மேலயே. "பொண்ணு பாக்க வர்றாங்களாமுங்க மேடம். சும்மா பாத்துட்டுப் போயிருவாங்க, ஞாயித்துக்கெழம திரும்பி வந்தர்லாம்னு சொல்றாங்க. அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. அன்னிக்கே பூ வெச்சுட்டாங்க. அக்கா அவ காலேஜுக்குத் திரும்பிப் போகவே இல்லீங்க. அவ புக்கெல்லாம் நாந்தான் போயி எடுத்துட்டு வந்தேன்." ப்ளம்பர் "ஏர் புடிச்சிருக்குங்"ன்னான். "எங்கப்பா கேட்டா அனுப்ப முடியாதுன்னு சொல்லீருங்க மேடம். நான் சொன்னா அடிதான் வுழும். நீங்க சொன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க." இத்தனையும் சொல்ற வரைக்கும் அந்தப் புள்ள பக்கெட்டக் கீழ வெக்கல. அதுதான் மங்கைக்கு இப்ப உறுத்துது. நெறஞ்ச பக்கெட்டு, விளிம்புல தண்ணி அலும்பி அலும்பிக் கால்ல ஊத்துது, கம்பி உள்ளங்கைல அழுந்திச் செவந்துபோயி இருக்கு, ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்தறா, மறுபடி மாத்தறா, கீழ மட்டும் வெக்க மாட்டேங்கறா. கீழ வெச்சா பேச்சு நின்னுரும்னு பயமா? இல்ல, மேடம் எந்த நேரமும் போன்னு சொல்லிருவாங்க, தயாரா இருக்கணும்னு நெனச்சாளா? அப்ப இதெல்லாம் மங்கை பாக்கவே இல்லையே! பாக்காத பக்கெட்டு இப்ப எப்படி இவ்வளவு தெளிவாத் தெரியுது? மோட்டாரப் பாத்துட்டிருந்தவளுக்கு உள்ளங்கை செவந்தது எப்படித் தெரியும்? கண்ணு ஓரமா எடுத்து வெச்சிருந்து இப்பக் குடுக்குதா, இல்ல ஏசிக் குளுருல உக்காந்து இவளாவே இட்டுக் கட்டறாளா, தெரியல. தெரிஞ்சது ஒண்ணுதான். தண்ணி ஏறுச்சு, மோட்டார் சத்தம் மாறுச்சு, மங்கைக்கு அப்பாடான்னு இருந்துச்சு, அந்த அப்பாடாவோடயே "சரி சரி, பாக்கலாம் போ"ன்னா. வார்டனுங்க எல்லாருக்கும் இருக்கிற வார்த்த அது. மெஸ்ல பூரி போடுங்கன்னாலும் பாக்கலாம், வைஃபை வரலைன்னாலும் பாக்கலாம், ரூம் மாத்துங்கன்னாலும் பாக்கலாம். புள்ளைங்களுக்கும் தெரியும் அது ஆகாத காரியம்னு. யோகப்பிரியாவுக்கும் தெரிஞ்சிருக்கும். "தேங்க்ஸ் மேடம்"னு சொல்லிட்டுப் படி ஏறினா. எதுக்குத் தேங்க்ஸ்? இருவது வயசாச்சு, ஓட்டுப் போடற வயசு, கட்டாயப்படுத்த முடியாதுன்னு சட்டத்துல இருக்கு. மங்கைக்கு நல்லாவே தெரியும். போன வருஷப் பயிற்சில அதுக்கு ஒரு க்விஸ் கூட வெச்சாங்க, மங்கைக்குத்தான் ஃபர்ஸ்ட் ப்ரைஸ். ஸ்டீல் டப்பா குடுத்தாங்க.

கூடை உறுமுச்சு. நின்னுச்சு. மறுபடி உறுமுச்சு. நின்னுச்சு. மறுபடி. பொன்னக்கா. இல்ல, யாரோ ஒருத்தரோட பொன்னக்கா. நாலஞ்சு பேரு நாற்காலில நெளிஞ்சாங்க. "ஓகே, எனர்ஜி கம்மியாயிருச்சு, இப்ப ஒரு ரோல்-ப்ளே"ன்னாரு விவேக்நாத். "ஒருத்தர் ஸ்டூடண்ட், ஒருத்தர் வார்டன். நெஜமான ப்ராப்ளம் ஒண்ணு எடுத்துக்கங்க. பச்சை பேட்ஜ் மேடம், நீங்க வாங்க. அந்த மீசைக்கார சார், நீங்க." பச்சை பேட்ஜ் மங்கை. குழந்தைவேலு சார் திரும்பிப் பாத்துத் தலையாட்டினாரு, போங்க போங்க, நம்ம காலேஜு பேர் தெரியட்டும்ங்கற மாதிரி. நாற்காலி கிறீச்சுன்னுது. ஒண்ணும் ஆகல. இவ்வளவு நேரம் இந்தக் கிறீச்சுக்கா பயந்தோம்னு அவளுக்குத் தோணுச்சு, தோணினது மேடை ஏறற வரைக்கும் கூட நிக்கல. மீசைக்காரர் பேரு செல்லத்துரை, வள்ளியூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல பாய்ஸ் ஹாஸ்டல் வார்டன். வார்டன் வேஷத்துக்கு நாற்காலில சாஞ்சு உக்காந்து, கால் மேல கால் போட்டு, இல்லாத ஃபோன நோண்டினாரு. ஹாலே சிரிச்சுச்சு. மங்கை கைல ஒரு மைக்கத் திணிச்சாங்க. கனமா இருந்துச்சு. ஒரு கைல இருந்து இன்னொரு கைக்கு மாத்தினா. "என்னம்மா, என்ன வேணும்? சும்மா சொல்லு, என்னத்துக்கு பயப்படுத?"ன்னாரு செல்லத்துரை. மெஸ்ஸு சாம்பார்னு சொல்லலாம், ஃபீஸ் கட்டலைன்னு சொல்லலாம், நூறு இருக்கு. "எங்கப்பா என்னக் கூட்டிட்டுப் போக வர்றாங்க சார். அனுப்பாதீங்க"ன்னா மங்கை. குரல் ஸ்பீக்கர்ல வேற யாரோடதோ மாதிரி கேட்டுச்சு. "அப்பாதானம்மா வாராரு? அடுத்த வீட்டுக்காரனா வாரான்?" சிரிப்பு. "போனா கல்யாணம் பண்ணி வெச்சுருவாங்க சார்." "நல்ல விஷயந்தானே, எனக்கும் ஒரு பத்திரிக குடு." இன்னும் பெரிய சிரிப்பு, பின்வரிசைல கைதட்டினாங்க. "போனா நான் திரும்பி வர மாட்டேன் சார்." செல்லத்துரை அசராம, இல்லாத ஃபோன்ல இருந்து கண்ண எடுக்காம, எல்லா வார்டனுங்களும் சொல்றதச் சொன்னாரு. "சரி, பாப்போம். போ." ஹால் அத அடையாளம் கண்டுக்கிட்டுச் சிரிச்சுச்சு, அவங்கவங்களையே பாத்துச் சிரிக்கிற ஒரு சிரிப்பு. மங்கை போகல. மைக்க மறுபடி கை மாத்தினா. "எப்ப பாப்பீங்க?"ன்னா. "அதான் பாப்போம்னு..." "எப்ப சார்? அவரு கார்ல ஏத்தினதுக்கு அப்புறமா?" இதுக்குச் சிரிக்கலாமா வேண்டாமான்னு ஹாலுக்குத் தெரியல. செல்லத்துரை கால இறக்கி வெச்சாரு. மொத தடவையா அவ மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு, கிட்ட வந்து, மைக்குல விழாம, "மேடம், இது நெசமா? இன்னிக்கா?"ன்னாரு. ஆமான்னு தலையாட்டினா. "அப்ப இங்க நின்னு என்னத்தப் பண்ணுதீங்க?"ன்னாரு அவரு.

மேடைல இருந்து கூடை வரைக்கும் கார்பெட்டு. செருப்பு சத்தமே வரல, அதுல மங்கைக்கு நடக்கற மாதிரியே இல்ல. "சூப்பர், கேரக்டர்லயே போறாங்க பாருங்க"ன்னு விவேக்நாத் சொல்றது காதுல வுழுந்துச்சு. துணிய எடுத்தா. மேல கெடந்த ஃபோன எடுத்து டேபிள்ல வெச்சா, அடுத்தத எடுத்தா, அடுத்தது, பூப்போட்ட கவரு, உடஞ்ச கண்ணாடி, முருகர் படம் ஒட்டினது, ஒண்ணு கைலயே உறுமுச்சு, அதுல 'பாய்ஸ் மெஸ்'னு வந்துச்சு, அதையும் வெச்சா. "மங்கை மேடம்"னு குழந்தைவேலு சார் குரல், மெதுவாத்தான். "மங்கை மேடம், என்ன இது?" அவரு சொன்னது கேட்டுச்சு, அது வேற ரூம்ல ஓடற டிவி மாதிரி கேட்டுச்சு. அடியில அவ ஃபோன். பொன்னக்கா, பொன்னக்கா, பொன்னக்கா, ஸ்க்ரீன் முழுக்கப் பொன்னக்கா. தொட்டா. முழுசா ஒரு ரிங் கூடப் போகல.

"மேடம்! எத்தன தடவைங்க கூப்புடறது? எங்கீங்க போயிட்டீங்க?" பொன்னக்கா மூச்சு வாங்கினா. "யோகப்பிரியா அப்பா வந்து ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்காருங்க. சத்தம் போடறாருங்க. கரஸ்பாண்டென்ட் ஐயாகிட்டப் பேசறேங்கறாருங்க." "அனுப்பிட்டீங்களாக்கா?" "எங்கீங்க அனுப்பறது? நான் அனுப்பத்தானுங்க பாத்தேன். அந்தப் புள்ள, மேடம் என்னய அனுப்ப வேண்டாம்னு சொல்லீட்டாங்க, அவங்க சொல்லாம நான் கேட்டத் தாண்ட மாட்டேன்னு சொல்லீட்டு ரூம்ல உக்காந்துக்குச்சுங்க. எங்கிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே மேடம். நெசமுங்களா? நீங்க அப்படிச் சொன்னீங்களா?" சொன்னோமா? மோட்டார் சத்தம் வந்துச்சு, ப்ளம்பர் வந்தான், பக்கெட்டுல தண்ணி அலும்புச்சு. அந்தப் புள்ள பொய் சொல்லியிருக்கு. பொய்யா அது? அந்த ஒரு ஒண்ணுமில்லாத வார்த்தய எடுத்துட்டுப் போயி, ரெண்டு நாளா வெச்சிருந்து, அதுல சாஞ்சு உக்காந்திருக்கு. தேங்க்ஸ்னு முன்கூட்டியே சொல்லிட்டுப் போயிருக்கு. இப்ப இல்லைன்னு சொன்னா அதுதான் நெசம். யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. டீன் ரெண்டு அடில நிக்கறாரு. காதோரம் சாயக் கோடு. அசோசியேட் டீன் ரூம்ல தனி ஏசியாம், வேன்ல சொன்னாரு. ஏசிதான் இங்கயும் இருக்கே, வெரலெல்லாம் வெறச்சுப் போயிருக்கு.

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்"னா மங்கை. "அவள அனுப்ப வேண்டாம். அவரு யார்கிட்ட வேணா பேசட்டும்." சொல்லி முடிச்சதுக்கு அப்புறந்தான் அந்தக் குரல் நாலு மூலைல இருந்தும் திரும்பி வந்து அவ மேலயே வுழுந்துச்சு. இன்னொரு கைல மைக்கு. தாடைக்குக் கீழ, பக்கெட்டு கணக்கா, இன்னும் கீழ வெக்காமப் புடிச்சிருக்கா. பின்வரிசைல ரெண்டு பேரு ரோல்-ப்ளேன்னு நெனச்சுக் கை தட்டி, பக்கத்துல பாத்து, நிறுத்திக்கிட்டாங்க. குழந்தைவேலு சார் தட்டல. மைக்க அணைக்கலாம், பட்டன் பெருவெரலுக்குக் கீழதான் இருக்கு. "ஃபோன அவர்கிட்டக் குடுங்க"ன்னா. அந்தப் பக்கம் ஃபோனு கை மாறுற சத்தம், நாற்காலி இழுக்கற சத்தம். பக்கத்துல ஆள் நிழல். செல்லத்துரை வந்து, அவ டேபிள்ல அடுக்கி வெச்சதுல ஒண்ணொண்ணாத் திருப்பிப் பாத்து அவரோட ஃபோனத் தேடிட்டிருந்தாரு.

"யாருங்க பேசறது?"ன்னு யோகப்பிரியாவோட அப்பா கேட்டாரு.

"வார்டன்"னா மங்கை. ஹால் முழுக்கக் கேட்டுச்சு.